ஒட்டு இருந்தால் பைப் பலவீனமா? எஸ்.எஸ். பைப் கேள்வி-பதில்

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்பில் ஒட்டே இல்லாத சீம்லெஸ்ஸா, தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் ஒட்டிய வெல்டட்டா என்று வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரே பயம்தான்: அழுத்தம் ஏறினால் ஒட்டு பிளந்துவிடுமோ? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கேள்வி: 4 அங்குல லைன், 10 பார் தண்ணீர், சாதாரண வெப்பநிலை. மேனேஜர் சீம்லெஸ்தான் போட வேண்டும் என்கிறார். வெல்டட் தாங்காதா சார்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். பைப்பின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. 304 ரக எஸ்.எஸ்.ஸுக்கு, ஆலைப் பைப் வடிவமைப்பு விதியான ஏஎஸ்எம்இ பி31.3 அனுமதிக்கும் தகைவு (உலோகத்தின் மேல் ஏற்றலாம் என்ற இழுவிசை அளவு) 138 எம்பிஏ (மெகாபாஸ்கல்). ஒட்டின் பலத்தைக் கணக்கில் எடுக்கும் ஜாயிண்ட் ஃபேக்டர் சீம்லெஸ்ஸுக்கு 1. ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, எக்ஸ்ரே எடுக்காத பைப்புக்கு 0.80. இதன்படி 10 பாருக்குச் சீம்லெஸ்ஸில் 0.41 மி.மீ. சுவர் போதும்; வெல்டட்டில் 0.52. மில்லில் சுவர் 12.5 சதவீதம் வரை மெலிந்து வரலாம், அதையும் சேர்த்தால் 0.47, 0.59. நீங்கள் வாங்கப்போகும் ஸ்கெட்யூல் 10எஸ் (சுவர் தடிமனின் வகை எண்) பைப்பின் சுவரோ 3.05 மி.மீ. தேவையைப் போல ஐந்து மடங்கு! மேனேஜரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஆனால் அதே லைன் 100 பார் என்றால் கதை மாறும். சீம்லெஸ்ஸுக்கு 4.6, வெல்டட்டுக்கு 5.7. ஸ்கெட்யூல் 40எஸ் சுவர் 6.02 என்பதால் இரண்டும் பாஸ். அரிப்புக்கென்று 1 மி.மீ. ஒதுக்கிப் பாருங்கள்: சீம்லெஸ் 5.74-இல் தப்பிவிடும், வெல்டட் 6.85 கேட்கும். இங்கேதான் சீம்லெஸ்ஸுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒட்டு முழுவதையும் எக்ஸ்ரே எடுத்த வெல்டட் வாங்குங்கள். அதற்கும் ஃபேக்டர் 1 கிடைக்கும்.

கேள்வி: வெல்டட் 304 பைப்பில் ஒட்டுக் கோட்டில் மட்டும் காந்தம் லேசாக இழுக்கிறது. டூப்ளிகேட் சரக்கா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வெல்டு உருகி உறையும்போது அதில் கொஞ்சம் ஃபெரைட் என்ற படிக அமைப்பு தங்கிவிடும். காந்தம் பிடிப்பது அதைத்தான். 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால், அதாவது சொல்யூஷன் அனீலிங் செய்தால், இது பெருமளவு கரைந்துவிடும். அதனால் ஒட்டில் மட்டும் பலமாக இழுத்தால் சப்ளையரிடம் அனீலிங் பற்றிக் கேளுங்கள். ஏஎஸ்டிஎம் ஏ312 தரத்துப் பைப்புக்கு அது கட்டாயம். அனீல் செய்யாத வெல்டட் பைப்புக்கென்றே ஏ778 என்று தனித் தரம் இருக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் என்று நம்புவதுதான் பெரிய ஆபத்து. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. எக்ஸ்ரே பாய்ச்சி உலோகக் கலவை பார்க்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்தால் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சில நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கருவிக்குக் கார்பன் கண்ணில் படாது. 316-ஆ, கார்பன் குறைந்த 316எல்-ஆ என்று பிரிக்க, பொறி எழுப்பி அதன் ஒளியைப் படிக்கும் ஸ்பார்க் ஓஇஎஸ் கருவி வேண்டும்.

கேள்வி: சூடான உப்புத் தண்ணீர் ஓடும் 304 வெல்டட் பைப் வெடிப்பு விட்டுப் போகிறது. சீம்லெஸ்ஸுக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. குளோரைடும், 60 டிகிரிக்கு மேல் சூடும், உலோகத்துக்குள் இழுவிசையும் சேர்ந்தால் 304, 316 இரண்டிலும் நுண்வெடிப்பு வரும். பைப்பில் ஒட்டு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சைட்டில் நீங்கள் போடும் ஜாயிண்டுகளின் ஓரத்திலும் இந்த இழுவிசை இருக்கத்தானே செய்யும்? இந்த நுண்வெடிப்பை நன்கு தாங்கும் டூப்ளெக்ஸ் ரக எஸ்.எஸ்.ஸைப் பாருங்கள். ரகத்தை மாற்றாமல் பைப்பை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: பால், மருந்து போன்ற சுத்தமான லைனுக்குச் சீம்லெஸ்தானே நல்லது? ஒட்டில் அழுக்குத் தங்குமே?

பலருக்கும் இதே நினைப்புதான், ஆனால் நடைமுறை நேர் எதிர். பால் லைன்களில் ஓடுவது பெரும்பாலும் வெல்டட் டியூப்தான். காரணம் உள்பரப்பு. வெல்டட் டியூப் வழவழப்பான தகட்டுச் சுருளிலிருந்து வருகிறது. உள்ளே எழும்பும் ஒட்டையும் உருட்டித் தட்டையாக்கிவிடுவார்கள். சீம்லெஸ்ஸோ பழுக்கக் காய்ந்த கட்டியைத் துளைத்தோ பிதுக்கியோ எடுப்பது. உள்ளே சொரசொரப்பு கூடுதல், சுவரும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். சுத்தமான லைனுக்கான ஏ270 தர டியூப் கேளுங்கள். உள்பரப்பின் சொரசொரப்பு அளவு (ஆர்ஏ) 0.8 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: சீம்லெஸ் என்று பில் போட்டு வெல்டட் அனுப்பிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பைப் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்எம்எல்எஸ் என்றால் சீம்லெஸ், டபிள்யூஎல்டி என்றால் வெல்டட். அதிலுள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். அச்சு பொய் சொல்லலாம் என்ற சந்தேகமா? வெட்டிய முனையில் சுற்றிலும் எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். எட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால், அது தகட்டிலிருந்து வந்த பைப்பாக இருக்கும் என்ற என் சந்தேகம் கூடும். ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையிலிருந்து பார்த்தால் ஒட்டின் நிழல் நீளமாக ஓடுவதும் பல நேரம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கைப்பிடி, கிரில் வேலைக்கான ஏ554 டியூப் பளபளவென்று இருக்கும். அதை அழுத்த லைனில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வெல்டட் பைப்பை வளைக்கலாமா?

தாராளமாக. ஒட்டு வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வராமல், நடுப் பக்கவாட்டில் நிற்கும்படி பைப்பைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெல்டட் பைப் போட்டு ஆறு மாதத்தில் லீக். ஒட்டுதானே காரணம்?

எந்த ஒட்டு? மில்லில் போட்டதா, உங்கள் வெல்டர் போட்டதா? ஒருமுறை இதே புகாருக்குப் போனேன். பைப்பை அறுத்து உள்ளே பார்த்தால், நீளவாட்டு ஒட்டு புத்தம் புதிதாக இருக்கிறது. இரண்டு பைப்பைச் சேர்த்த சுற்று வெல்டின் உள்பக்கம்தான் சர்க்கரை கருகியதைப்போலப் பொரிந்து கறுத்துக் கிடந்தது. ஆர்கான் பர்ஜிங் செய்யாமல், அதாவது பைப்புக்குள் ஆர்கான் வாயு விட்டுக் காற்றை வெளியேற்றாமல், வெல்டு அடித்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பொருக்குக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். அரிப்பு அங்கேதான் தொடங்கும். சீம்லெஸ் போட்டிருந்தாலும் அதே இடத்தில்தான் ஒழுகியிருக்கும்.

நீங்களும் லீக் ஆன துண்டை அறுத்து, நீளவாட்டில் பிளந்து, இரண்டு ஒட்டையும் அருகருகே போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.