காமிக்ஸ் கேள்வி-பதில்: அறுந்த முத்துமாலை

கேள்வி: ஃபிராங்க் மில்லரின் பேட்மேன் காமிக்ஸான ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ படித்து அசந்துபோனேன். அதே ஆசையில் அதன் இரண்டாம் பாகமான ‘தி டார்க் நைட் ஸ்ட்ரைக்ஸ் அகெயின்’ வாங்கினால் பாதியைத் தாண்ட முடியவில்லை. எழுதி வரைந்தவர் அவரேதானே, ஏன் இப்படி?

பதில்: அவரேதான். கூட இருந்த கைகளும் கருவிகளும் மாறிவிட்டன. 1986-ல் வந்த முதல் பாகத்தில் மில்லரின் பென்சில் கோடுகளுக்கு மை போட்டவர் க்ளாஸ் ஜான்சன். தூரிகையால் வண்ணம் தீட்டியவர் லின் வார்லி. 2001 டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் மை வேலையும் மில்லருடையதே. வார்லி கம்ப்யூட்டர் வண்ணத்துக்குப் போய்விட்டார்.

இதைவிடப் பெரிய இழப்பு பக்க அமைப்பில்தான். முதல் பாகம் பக்கத்துக்கு நாலுக்கு நாலு, பதினாறு கட்டம் என்ற கணக்கில் நிற்கிறது. பேட்மேனான புரூஸின் பெற்றோர் கொல்லப்படும் இடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். துப்பாக்கி பிடித்த கை அம்மாவின் முத்துமாலைக்குள் மாட்டிக்கொள்கிறது. சுட்டதும் சரடு அறுந்து முத்துகள் தெறிக்கின்றன. பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கியிருப்பதால் அந்த ஒரு நொடி தீரவே மாட்டேன் என்கிறது. இப்படி இறுக்கிப் பிடித்துவிட்டு முழுப்பக்கப் படத்தைத் திறக்கும்போதுதான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

இரண்டாம் பாகத்தில் அந்த இறுக்கம் இல்லை. பெரிய படத்துக்கு அடுத்து இன்னொரு பெரிய படம். பல இடங்களில் பின்னணியே கிடையாது. பளீரென்ற நிறக்கலவை மேல் ஆட்கள் அந்தரத்தில் நிற்கிறார்கள். எங்கே நிறுத்திப் பார்ப்பது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

கதையிலும் கூட்டம் அதிகம். முதல் பாகம் வயதான ஒரு மனிதனின் கதை. இதில் ஆட்டம் (Atom), ஃப்ளாஷ், க்ரீன் ஏரோ, பிளாஸ்டிக் மேன் என்று சூப்பர் ஹீரோக்களின் வரிசை நீள, பேட்மேனே முதல் இதழின் கடைசியில்தான் முழுசாகக் கண்ணில் படுகிறார். (முடிவு தெரிய வேண்டாதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) பேட்மேனின் பழைய கூட்டாளி ராபினான டிக் கிரேசன்தான் கதையில் வரும் கொலைகாரன் என்பதற்கு முன்னால் போதிய அடித்தளம் போடவில்லை, அதனால் அதிர்ச்சி வருகிறது, வலி வரவில்லை.

ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆய்வகக் கண்ணாடித் தட்டுக்குள் சிறைப்பட்ட ஆட்டம், மின்சாரத்துக்காகச் சக்கரத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் பிம்பமாக மட்டுமே இருக்கும் ஜனாதிபதி: மூன்றும் அருமையான கற்பனைகள். இதழுக்கு ஒரு நாள் என்று மூன்று நாளில், அரசியல் பகடியாக நினைத்துப் படியுங்கள். தொலைக்காட்சிக் கட்டங்களை விட்டுவிடாதீர்கள். கதையின் பாதி அங்கேதான் ஓடுகிறது.

கேள்வி: இதை முடிக்காமல் மூன்றாம் பாகத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம். சூப்பர்மேனுக்கும் வொண்டர் வுமனுக்கும் லாரா என்றொரு மகள் இருக்கிறாள். சூப்பர்மேன் பிறந்த கிரகமான கிரிப்டனின் கேண்டார் என்ற நகரம் சுருங்கி ஒரு குடுவைக்குள் இருக்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும். 2015 முதல் 2017 வரை ஒன்பது இதழ்களாக வந்த அந்தப் பாகத்தை மில்லரோடு சேர்ந்து எழுதியவர் பிரையன் அஸரெல்லோ, வரைந்தவர் ஆண்டி குபர்ட். மை போட ஜான்சன் திரும்பி வந்திருக்கிறார். முதல் சில பக்கங்களிலேயே அந்தக் கோடுகளை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.