டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்
பயனீட்டாளர் கேள்வி-பதில்

கே: மகள் ஜனவரியில் படிப்புக்கு மான்செஸ்டர் போகிறாள். குளிரில் தோல் வெடிக்கும் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் ‘வின்டர் செட்’ ஐந்து குப்பிக்கு 420 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்கிறார். வாங்கலாமா அக்கா?
— ஒரு தகப்பன், தாப்பா

ப: வேண்டாம் அண்ணே. 2015 டிசம்பரில் மகனைப் பார்க்க எடின்பர்க் போனபோது நானும் இப்படித்தான் கோலாலம்பூரில் ஒரு கடையில் 360 வெள்ளி கொடுத்து வாங்கிப் போனேன். நல்ல வாசனை. தண்ணீர் மாதிரி லோஷன். நாலாம் நாளே கால் தோல் மீன் செதில் போல எழும்பிவிட்டது, விரல் முட்டியில் ரத்தக் கோடு. அங்கே மருந்துக் கடையில் இருந்த பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை எடுத்துக் கொடுத்து, ராத்திரி தடவிப் பருத்திக் கையுறை போட்டுத் தூங்கச் சொன்னாள். ஒரு வாரத்தில் கை ஆறியது.

நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. அதையே வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுச் சூடாக்கும்போது இன்னும் வறண்டு, தோலில் இருக்கிற நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் லோஷனைவிடக் கெட்டியான கிரீம்தான் நிற்கும். ஈரம் காக்கிற கிளிசரின், யூரியா, செராமைடு இவற்றில் ஒன்றாவது அதில் இருக்கட்டும். வாசனை வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் நெடுநேரம் நிற்காமல் வெதுவெதுப்பாகக் குளித்து, துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் தடவச் சொல்லுங்கள். இங்கிருந்து ஒரு சின்ன டப்பா போதும், மிச்சத்தை அங்கேயே வாங்கிக்கொள்வாள்.

கே: தேங்காய் எண்ணெய் போதாதா?
— பாட்டி, பீடோர்

ப: கைகாலுக்குத் தாராளமாகப் போதும் பாட்டி. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குப்பியில் ஊற்றிக் கொடுத்தால் பேரப்பிள்ளைக்கு வெளியே வராது. வாயகன்ற டப்பாவில் கொடுத்தனுப்புங்கள்.

கே: கேமரன் மலையில் காய்கறித் தோட்ட வேலை. காலைக் குளிரில் முகம் வெடிக்கிறதென்று இரவுச் சந்தையில் ‘குளிர்காலக் கிரீம்’ 38 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டு வாரம் முகம் வெளுத்துப் பளபளத்தது. இப்போது சிவந்து எரிகிறது. டப்பாவில் கம்பெனிப் பெயர் இல்லை. ‘தங்க நகையில் படக்கூடாது’ என்று மட்டும் இருக்கிறது.
— வாசகி, ரிங்லெட்

ப: தங்கச்சி, இது உங்கள் தப்பில்லை. முதலில் கிரீமை நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போங்கள். எத்தனை நாள் தடவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நகையில் படக்கூடாது என்ற அந்த ஒரு வரிதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாதரசம் தங்கத்தைக் கெடுக்கும். பாதரசம் கலந்த கிரீம்களில் இந்த எச்சரிக்கையைப் பார்த்திருக்கிறார்கள். தாலிக்கு ஆகாது என்று எழுதத் தெரிந்தவனுக்கு, அதைத் தடவுகிற முகத்தைப் பற்றி எழுத மனம் வரவில்லை! பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் முகத்திலும் தலையணையிலும் இருந்து பிள்ளைக்கும் ஒட்டும். வீட்டில் குழந்தை இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு என்ற மருந்துகள் எதுவும் அழகுக் கிரீமில் இருக்கக்கூடாது என்பது சட்டம். இவை கலந்தவற்றில் முதல் சில வாரம் முகம் பளிச்சென்றுதான் இருக்கும், அந்தப் பளிச்சை நம்பித்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாங்குகிறாள். பத்து வருடமாக இதையே எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன்.

மலேசியாவில் விற்கும் எந்த அழகுப் பொருளுக்கும் என்பிஆர்ஏ என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பெற்ற அறிவிப்பு (நோட்டிஃபிகேஷன்) எண் இருக்க வேண்டும். என்ஓடி (NOT) என்று தொடங்கி கே (K) என்று முடியும். விற்பவரிடம் கேளுங்கள், என்பிஆர்ஏவின் இணையப் பக்கத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள். டப்பாவில் பொறுப்பான கம்பெனியின் பெயர், முகவரி, கலவைப் பட்டியல், பேட்ச் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்தக் கடைக்காரர் வாரா வாரம் வருகிறவர்தானே? பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். 38 வெள்ளி சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

கே: பனி கொட்டும் ஊரில் வெயிலே இல்லை. சன்ஸ்கிரீன் எதற்கு?
— கொரியா போகிறவர், சுங்கை சிப்புட்

ப: புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். எடுத்துப் போங்கள்.

கே: இணைய லைவ் விற்பனையில் ‘பனிநாட்டுக் கிரீம்’ மூன்று டப்பா, 270 வெள்ளி. வந்தது காலாவதியான சரக்கு. ரசீது இல்லை, விற்றவர் என்னைப் பிளாக் செய்துவிட்டார். இது மூன்றாவது தடவை.
— தம்பி, தெலுக் இந்தான்

ப: மூன்றாவது தடவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் வங்கிக் கணக்குக்குத்தானே பணம் போட்டீர்கள்? ஊர் தெரியாது, முகவரி தெரியாது, அறிவிப்பு எண் கேட்கவில்லை. பெயரும் முகவரியும் இல்லாமல் நடுவர் மன்றம் யாரைக் கூப்பிடும்? வங்கிச் சீட்டையும், கைப்பேசியில் மிச்சமிருக்கிற பேச்சையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். பணம் வருமா என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த டப்பாக்களை மட்டும் வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

கே: வறண்ட தோலுக்கு கிளினிக்கில் கொடுத்த ஏக்குவஸ் கிரீமைத் தடவினால் பிள்ளைக்கு எரிகிறது என்கிறான். கேமரன் போகும்போது எடுத்துப் போகலாமா?
— அம்மா, ஆயர் கூனிங்

ப: சில ஏக்குவஸ் கிரீம்களில் சோப்புத் தன்மையுள்ள பொருள் ஒன்று கலந்திருக்கும், அது சில பிள்ளைகளுக்கு எரிச்சல் தரும். சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம், தடவி அப்படியே விட வேண்டாம். அடுத்த முறை போகும்போது எரிகிறது என்று சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.