டிராயிங் வாத்தியார் பதில்கள்: பட்டாளம் வளர்த்த ஓவியர்

கேள்வி: துருக்கியின் பழைய நிலக்காட்சி ஓவியர்கள் பலர் 'பாஷா' பட்டம் வாங்கிய ராணுவ அதிகாரிகளாகவே இருக்கிறார்களே, எப்படி? அவர்களில் ஒருவரைப் பற்றியாவது சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவர்களுக்குப் படம் போடக் கற்றுக்கொடுத்ததே பட்டாளம்தான். பீரங்கி நிறுத்த மேடு எங்கே, ஆற்றைக் கடக்கத் தோதான இடம் எது என்று பார்த்து வரைந்து வர அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஒட்டோமான் பேரரசின், அதாவது அந்நாளைய துருக்கி ஆட்சியின், ராணுவப் பள்ளிகளில் சித்திரமும் ஒரு பாடம். இஸ்தான்புல்லில் நுண்கலைப் பள்ளி திறந்தது 1883-ல்தான். அதுவரை ஓவியம் முறையாகப் படிக்க நினைத்த பையனுக்குப் பெரிய வழி ராணுவப் பள்ளி.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பாஷா ஆகாத ஒருவர், ஹோஜா அலி ரிசா. இஸ்தான்புல்லை இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாரில் 1858-ல் பிறந்தார். அப்பா குதிரைப்படை அதிகாரி, அழகாக எழுத்தணி எழுதுபவர். குலேலி ராணுவப் பள்ளியில் படிக்கும்போதே அலி ரிசா நண்பர்களோடு சேர்ந்து, ஓவியம் பழக ஒரு தனி அறை வேண்டும் என்று மனுப் போட்டார். அறையும் கிடைத்தது, ஆசிரியர்களும் கிடைத்தார்கள். 1884-ல் ஹர்பியே ராணுவக் கல்லூரியில் தேறியதும் அங்கேயே சித்திர ஆசிரியருக்கு உதவியாளராக வேலை. மேற்படிப்புக்கு இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து அங்கே காலரா. பயணம் நின்றுபோனது.

போயிருந்தால் பெரிய ஆளாகியிருப்பார் என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு முந்திய ஷெக்கெர் அஹ்மத் பாஷா பாரிஸில் படித்துத் திரும்பியவர். அவருடைய காட்டுப் படங்கள் அற்புதம்தான். ஆனால் உஸ்குதாரின் சந்துகளைத் தெருத்தெருவாக வரைந்து வைத்தவர் ஊரிலேயே இருந்த அலி ரிசா.

அவருடைய பென்சில் படம் ஒன்றை உற்றுப் பாருங்கள். மாடி தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் மரவீடு, கல் பாவிய சரிவுத் தெரு, பின்னால் சைப்ரஸ் மரம். தாழ்வாரத்துக்குக் கீழே பென்சிலை அழுத்தி இருட்டாக்கியிருப்பார். வெயில் படும் சுவரில் கோடே இருக்காது, வெறும் காகிதம்தான் வெளிச்சம். ஆட்கள் அரிது. சாம்லிஜா குன்றின் குடைபோல் விரிந்த பைன் மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் எல்லாம் கைவந்தவர்தான், ஆனாலும் பென்சிலில்தான் எனக்கு அவர் முழுசாகத் தெரிகிறார்.

1911-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் கற்பிப்பதை விடவில்லை. ஆசிரியருக்கான 'ஹோஜா' என்ற சொல் பெயரோடேயே சேர்ந்துவிட்டது. மாணவர்கள் பார்த்துப் பழகுவதற்காகவே பென்சில் மாதிரிப் படங்கள் அச்சிட்டுக் கொடுத்தார். நானும் வகுப்பெடுத்தவன் என்பதால், பெரிய கண்காட்சிகளைவிட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். 1930-ல் உஸ்குதாரிலேயே காலமானார். அடக்கமும் அங்கேயே, கராஜா அஹ்மத் கல்லறைத் தோட்டத்தில்.

கேள்வி: இவ்வளவு காலம் ராணுவத்தில் இருந்தவர் போரை வரையவில்லையா?
- அதே வாசகி

பதில்: அவர் பணி வகுப்பறையில். மனசு மரங்களிடமும் கடற்கரையிலும். போர்க்காட்சி வேண்டுமென்றால் ஹர்பியேயில் அவரிடம் படித்த சாமி யெதிக்கின் படங்களைத் தேடிப் பாருங்கள். பால்கன் போரில் சண்டையிட்டு பல்கேரியர்களிடம் சிறைப்பட்டவர் அவர். முதல் உலகப் போரின்போது, 1917-ல், இஸ்தான்புல்லின் ஷிஷ்லி பகுதியில் போர் ஓவியங்களுக்கென்றே அரசு ஒரு ஓவியக்கூடம் அமைத்தது. அங்கே வரைந்தவர்களில் அவரும் ஒருவர்.