கேள்வி பதில்: முடக்கும் பொருள் ஒழுங்கைத் தருவது எப்படி?

கேள்வி: பாலிப்ரொப்பிலீன் தயாரிக்கும்போது டைட்டானியம் வினையூக்கியுடன் ‘எலக்ட்ரான் வழங்கி’ (தன் எலக்ட்ரான் இரட்டையைப் பிற அணுவுக்குத் தரும் சேர்மம்) ஒன்றையும் சேர்க்கிறார்கள் என்று படித்தேன். வினையூக்கியின் வேலையைக் கெடுக்கக்கூடிய பொருள், சங்கிலியின் ஒழுங்கை உயர்த்துவது எப்படி? அதிலும், இரண்டு வழங்கிகள் எதற்கு?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே, அளவு மீறினால் வழங்கி வினையூக்கியை முடக்கத்தான் செய்யும்.

புரொப்பிலீன் மூலக்கூறு ஒவ்வொன்றும் சங்கிலியில் இணையும்போது அதன் மெத்தில் தொகுதி எந்தப் பக்கம் அமைகிறது என்பதுதான் இங்கே கேள்வி. எல்லாம் ஒரே பக்கம் அமைந்தால் அது ஐசோடாக்டிக். சங்கிலி சுருளாக முறுக்கிக்கொண்டு படிகமாகும், 160 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். தாறுமாறாக அமைந்தால் கிடைப்பது பிசுபிசுப்பான, வலுவற்ற பொருள். ஐசோடாக்டிக் பாலிப்ரொப்பிலீனை 1954இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா பெற்றார். 1963இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

இன்றைய வினையூக்கிகளில் டைட்டானியம் டெட்ராகுளோரைடு, மக்னீசியம் குளோரைடின் நுண்படிகங்கள்மேல் ஒட்டியிருக்கிறது. அப்படிகங்களின் விளிம்பில் உள்ள மக்னீசியம் அணுக்களுக்குச் சுற்றிலும் போதிய குளோரின் கிடையாது. அந்தக் குறையால் அவை லூயிஸ் அமிலமாகச் செயல்பட்டு, எஸ்டர், ஈதர் போன்றவற்றின் ஆக்சிஜனில் உள்ள தனித்த எலக்ட்ரான் இரட்டையை ஏற்றுக்கொள்கின்றன. வழங்கி பெரும்பாலும் பற்றுவது டைட்டானியத்தை அன்று, அதன் அக்கம்பக்கத்தையே. டைட்டானியத்தைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தால் புரொப்பிலீன் எப்பக்கமாகவும் வந்து இணையலாம். பருத்த வழங்கி அருகில் அமர்ந்துவிட்டால் வளரும் சங்கிலி ஒரு பக்கமாக ஒதுங்க, புதிய மூலக்கூறு ஒரே விதமாகத்தான் நுழைய முடிகிறது.

ஒழுங்கற்ற சங்கிலியைத் தரும் மையங்களை (சங்கிலி வளரும் டைட்டானிய இடங்களை) வழங்கி முடக்கிவிடுவதால் எஞ்சியவை சிறப்பாகத் தெரிகின்றன என்று மட்டும் சொல்வாரும் உண்டு. அது ஓரளவே உண்மை. வழங்கியைச் சேர்த்தபின் ஐசோடாக்டிக் பங்கின் விழுக்காடு மட்டுமின்றி அதன் மொத்த விளைச்சலே கூடுவதும் காணப்பட்டிருப்பதால், சில மையங்கள் திருந்தவும் செய்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிடைத்த பாலிப்ரொப்பிலீனைக் கொதிக்கும் சைலீன் என்ற கரைப்பானில் கரைத்து 25 டிகிரிக்கு ஆறவிட்டால், ஒழுங்கான பகுதி வெண்மையாக வீழ்படியும். வடிநீரை ஆவியாக்கினால் ஒழுங்கற்ற பகுதி பசைபோல் அடியில் தங்கும். நல்ல வழங்கிகள் இருந்தால் அந்தப் பசை சில விழுக்காடுதான்.

இரண்டு வழங்கிகள் வேண்டியிருப்பதற்குக் காரணம் ட்ரைஎத்தில் அலுமினியம். வினையூக்கியைத் தயாரிக்கும்போதே சேர்க்கப்படும் தாலேட் என்ற எஸ்டர் போன்ற அக வழங்கியை, வினை நடக்கும் கலனில் இணைவினையூக்கியாக (வினையூக்கியைச் செயல்படத் தூண்டும் துணைப்பொருளாக) வரும் இந்தச் சேர்மம் பெருமளவு பிடுங்கிவிடுகிறது. காலியான இடங்களை நிரப்பவே அல்காக்ஸிசிலேன் என்ற சிலிக்கான் சேர்ம வகையைச் சேர்ந்த புற வழங்கி உடன் செலுத்தப்படுகிறது. பருமனான 1,3-டைஈதர்களை அக வழங்கியாகக் கொண்ட வினையூக்கிகளுக்குப் புற வழங்கி இல்லாமலேயே உயர்ந்த ஒழுங்கு வாய்க்கிறது. ஈதரை அலுமினியச் சேர்மம் எளிதில் தாக்குவதில்லை, இரண்டு ஆக்சிஜன்களும் சேர்ந்து மக்னீசியத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன.