கார்டுதான் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 34 வயது. பிறவியிலேயே காது கேட்காது, அதற்கு ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) கார்டு இருக்கிறது. உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. சின்ன வயதிலிருந்தே இருட்டினால் தடுமாறுவான், இப்போது பகலிலேயே பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை, போன மாதம் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விழுந்துவிட்டான். வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்). அரசாங்கத்தில் இவனுக்கு ஏதும் கிடைக்குமா? தெரிந்தவர்களைக் கேட்டால் “கார்டுதான் இருக்கிறதே, அப்புறம் என்ன?” என்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, அந்தக் கடிதத்தில் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். மண்டோர் நல்ல மனதோடு சொல்லியிருந்தாலும் சரி, இப்போது வேண்டாம்.

காரணம் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம். தோட்டச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம் அது. 60 வயதுக்குள் நிரந்தரமாக உழைக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட தொழிலாளிக்கு அதில் ‘ஈலாட்’ (இயலாமை) பென்ஷன் உண்டு, சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை வரும். ஆனால் மனு கொடுப்பதற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்கிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். வேலையை விட்டுவிட்டு “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வீட்டில் இருக்க இருக்க அந்தக் கணக்கு குறைந்துகொண்டே போகும். அதனால் பெயர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலில் இருக்கும்போதே ஈப்போ சொக்சோ அலுவலகத்தில் மனு போடுங்கள், கிராணியிடம் சம்பளச் சிலிப்புகளை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். பென்ஷன் கிடைத்து, கூடவே ஆள் துணை இல்லாமல் முடியாது என்று மருத்துவக் குழுவும் சொன்னால் பராமரிப்பு அலவன்ஸ் 500 வெள்ளி (ரிங்கிட்) தனி. இ.பி.எஃப். என்கிற சேமநிதியிலும் உடல் இயலாமை என்று காட்டி முழுப் பணத்தை எடுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு அவசரப்பட வேண்டாம், ஒரே தடவையில் கைக்கு வரும் பணம் ஒரே தடவையில் கரைந்தும் போகும்.

அடுத்தது கார்டு. நம் நாட்டில் ஓ.கே.யு. பதிவு 7 பிரிவுகளாக இருக்கிறது. காது ஒன்று, கண் ஒன்று, ஒன்றுக்கு மேல் குறை இருந்தால் ‘பெல்பகாய்’ (பலவகை) என்ற பிரிவு. காதும் கண்ணும் சேர்ந்து போனவர்களுக்கென்று தனிப் பிரிவே கிடையாது, எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது. காது கேளாதவர் கண்ணை வைத்துச் சமாளிக்கிறார், பார்வை இல்லாதவர் காதை வைத்துச் சமாளிக்கிறார், இரண்டும் போனவருக்கு அந்த இரண்டு வழியும் அடைபட்டுப் போகிறதே! சரி, இருப்பதை வைத்துத்தானே வேலை நடக்க வேண்டும். தம்பி கார்டு இன்னும் காதை மட்டும்தான் சொல்கிறது, அதைப் ‘பெல்பகாய்’ பிரிவுக்கு மாற்றுங்கள். டாக்டர் உறுதி செய்த பாரத்தோடு கோலகங்சார் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவுக்குக் காசு கிடையாது, யாராவது ஏஜெண்ட் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டாக்டர் விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சுவரில் மாட்டிய எழுத்துகளைத் தம்பி ஓரளவு படித்துவிடலாம், உடனே “பார்வை பரவாயில்லை” என்று எழுதிவிடுவார்கள். அவனுக்குப் போயிருப்பது பக்கவாட்டுப் பார்வை மாதிரித் தெரிகிறது, அதனால்தான் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை, லோங்காங்கும் தெரியவில்லை. பார்வைப் புலம் 20 டிகிரிக்குக் குறைந்தால் குறை பார்வை, 10 டிகிரிக்குக் குறைந்தால் பார்வையற்றவர் என்றுதான் விதி, நேராகப் பார்க்கிற பார்வை எப்படி இருந்தாலும் சரி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி கண் பிரிவில் ‘பார்வைப் புலச் சோதனை’ வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்தச் சோதனையில் இருட்டறையில் முகவாயை மெஷினில் வைத்துக்கொண்டு வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். அங்கே அவனால் சைகையைப் பார்க்கவும் முடியாது, சொல்வதைக் கேட்கவும் முடியாது, என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் சோதனை வீண். வெளிச்சத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சைகையில் சொல்லிக் கூட்டிப் போங்கள், “தம்பி கைமேல் தொட்டுத் தட்டினால் ஆரம்பம்” என்று நர்ஸிடமும் அவனிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறவியில் காது, சின்ன வயதிலோ வாலிபத்திலோ மாலைக்கண் என்று சேர்ந்து வருவது அஷர் சிண்ட்ரோமாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருகிற மரபணு விஷயம் அது. அம்மா தன்னையே நொந்துகொண்டிருந்தால், அவர் செய்த தப்பு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள்.

நலத்துறையிலிருந்து கிடைப்பது: வேலை பார்க்கும் ஓ.கே.யு.வுக்கு, சம்பள வரம்புக்குள் இருந்தால், மாதம் 450 வெள்ளி. வேலை செய்ய முடியாதவருக்கு 300, அதற்குக் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். நலத்துறையும் 500 வெள்ளிப் பராமரிப்பு உதவி ஒன்று தருகிறது, ஆனால் அது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கானது, தம்பிக்குப் பொருந்தாது. காது மெஷின், வெள்ளைக் கோல் மாதிரியான சாதனங்களுக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம். கோல் வாங்கும்போது வெள்ளையோடு சிவப்புப் பட்டை போட்டதாகக் கேளுங்கள், காதும் கண்ணும் இரண்டும் இல்லாதவர் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொன்று, தங்கச்சி. கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசுகிறீர்கள், தம்பி என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறபோதே, கைக்குள் கை வைத்துச் சைகை செய்வதையும் உள்ளங்கையில் விரலால் எழுதுவதையும் வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். வேறு வேலை கேட்கலாமா, பென்ஷன் கேட்கலாமா என்பதை அவனே சொல்லட்டும், வருகிற பணமும் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். மண்டோரிடம் இப்போதைக்கு “ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்ததும் சொல்கிறோம்” என்றால் போதும்.