தூக்க நோய்: ரத்தத்தில் கிருமி இல்லையென்றால் போதுமா?

கேள்வி: ரிக் வண்டியோட போர் போட மலாவி போன எங்க வீட்டுக்காரருக்குத் தூக்க நோய் வந்து, அங்கேயே பத்து நாள் ஃபெக்சினிடசோல் மாத்திரை கொடுத்து அனுப்பினாங்க. முழுசா குணமாயிடுச்சான்னு ரத்த டெஸ்ட்லயே தெரிஞ்சுக்கலாங்களா? ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கலாங்களா?
– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத்தான் அது பார்க்கும், கிருமியை அல்ல. தூக்க நோயை உண்டாக்கும் ட்ரிப்பனோசோமா கிருமி ஒழிந்த பிறகும் அது வருஷக்கணக்கில் பாசிட்டிவ் காட்டி உங்களை வீணாகப் பயமுறுத்தும். அதோடு, ஆப்பிரிக்காவில் பயன்படும் ஆன்டிபாடி அட்டைச் சோதனை காங்கோ பக்கத்து காம்பியன்ஸ் வகைக் கிருமிக்கானது. மலாவியில் இருப்பது ரொடீசியன்ஸ் வகை. அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையும் குணமானவர்களுக்கே சில சமயம் பாசிட்டிவ் என்று வருவதுண்டு.

கிருமியை நேரில் பார்ப்பதுதான் நம்பகமான வழி. ரத்தத்தில் சிவப்பணு அளவை (பி.சி.வி.) பார்க்கும் அதே ஹெப்பாரின் நுண்குழாய்கள் நான்கைந்தில் ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, வெள்ளணுப் படலத்துக்குச் சற்று மேலே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உயிருள்ள கிருமி அங்கே நெளிவது தெரியும். ரத்தம் எடுத்த கையோடு பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் கிருமி செத்து, அசைவு நின்றுவிடும்.

கிருமி தெரிந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். தெரியாவிட்டால் குணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தம் சுத்தமாக இருக்கும்போதே கிருமி மூளையில் தங்கியிருக்கலாம். அதைத் தண்டுவட நீர்தான் காட்டும். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 5 வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தால், மலாவியில் எடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். குறைந்துகொண்டே வந்தால் நல்லது, ஏறினால் விடக்கூடாது. அதனால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இந்த நீரை இங்கே எடுத்துக் கோவைக்கு அனுப்பினால் பயனில்லை. கிருமி பத்து நிமிடத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். லேப் உள்ள மருத்துவமனையிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவை. ஒவ்வொரு முறையும் முதுகில் நீர் எடுக்க வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். இடையில் காய்ச்சல், தீராத தலைவலி, பகலில் தூங்கி இரவில் விழிப்பது, நடை தள்ளாடுவது, குணம் மாறுவது என எது தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். மலேரியா கார்டு டெஸ்டோடு திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள். அதில் இந்தக் கிருமி தெரியாது. "ட்ரிப்பனோசோமா இருக்கிறதா என்று ஸ்லைடில் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்கான மருந்து கடைகளில் கிடைக்காது. உலக சுகாதார அமைப்பு மூலம் இலவசமாக வரவழைக்க டாக்டர்தான் எழுத வேண்டும்.

கேள்வி: குதிரைக்கு வருகிற சர்ராவும் இதே நோய்தானுங்களா? எங்களுக்கு ஒட்டுமா?
– ஒரு வாசகர், அந்தியூர்

பதில்: அது உறவுக்காரக் கிருமி, பெயர் ட்ரிப்பனோசோமா எவான்சி. கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன. மனிதருக்கு வருவது மிக அரிது. 2004இல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்கு வந்தது. சர்ராவுக்கு ஊசி போட்ட பிறகு குதிரைக்கும் ஆன்டிபாடி டெஸ்டை நம்ப வேண்டாம். காய்ச்சல் ஏறும் நேரத்தில் ரத்தம் எடுத்து ஸ்லைடில் பார்க்கச் சொல்லுங்கள்; காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்தால் கிருமி கண்ணில் படாமல் போகலாம்.