ஊர்ப்பெயர் போட்ட வாட்ச் வாங்கும் முன், நம் அரை மணி நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். ஜெர்மனி, அமெரிக்கா பையர்களோடு தினமும் பேச்சு, வருடத்தில் சில தடவை பயணமும் உண்டு. டயலைச் சுற்றி லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று ஊர்ப்பெயர்கள் இருக்கும் மெக்கானிக்கல் வாட்ச் மேல் ரொம்ப நாளாக ஆசை, நடுவில் கையால் செய்த உலக வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு லட்சம் வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தியாவிலிருந்து வாங்குகிறவருக்கு மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

இந்த வகை வாட்ச்சுக்கு 'வேர்ல்ட் டைம்' என்று பெயர். இன்று நாம் பார்க்கும் வடிவம் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி கோட்டியே என்ற கடிகாரக் கலைஞர் 1931-ல் உருவாக்கியது. டயலின் ஓரத்தில் 24 ஊர்களின் பெயர் எழுதிய ஒரு வளையம், அதற்கு உள்ளே 1 முதல் 24 வரை எண்கள் போட்ட இன்னொரு வளையம். ஊர் வளையம் தானாக அசையாது, எண் வளையம் மட்டும் முள் ஓடுகிற திசைக்கு எதிராக ஒரு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும். நீங்கள் இருக்கும் ஊரை 12 மணி இடத்தில் நிறுத்திவிட்டால் போதும், மற்ற 23 ஊர்களிலும் அந்த நிமிடத்தில் மணி என்ன என்பது அந்தந்தப் பெயருக்கு நேரே வந்து நிற்கும். வாஷரோன் கான்ஸ்டான்டின், பட்டெக் பிலிப் இரண்டு கம்பெனிகளுக்கும் கோட்டியேதான் இதைச் செய்து கொடுத்தார். இதைவிட எளிமையாக யாரும் இன்று வரை யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிக்கல் அந்த 24-ல் இருக்கிறது. 24 ஊர் என்றால் 24 முழு மணி நேரங்கள். நாமோ லண்டனின் குளிர்கால நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே. அதனால் பட்டெக் போன்ற கம்பெனிகளின் வளையத்தில் துபாய், கராச்சி, டாக்கா, பாங்காக் என்று வரிசை போகும், இந்தியா கராச்சிக்கும் டாக்காவுக்கும் நடுவில் காணாமல் போயிருக்கும். (கொழும்பில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான், ஆனால் இலங்கை 1996 கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் வரை ஆறு மணி நேரக் கணக்கில் இருந்ததே, அந்தக் காலத்தில் டாக்காவின் கட்டம் அவர்களுக்கு அச்சாகப் பொருந்தியிருக்கும்.)

அரை மணிதானே, மனதில் கூட்டிக் கழித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியும். திருப்பூரில் இருக்கும்போது கராச்சியை 12-ல் நிறுத்தி, முள்ளை நம் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 3.30-க்குப் பாரிஸுக்கு நேரே 11.30 காட்டும், உண்மையில் குளிர்காலத்தில் அங்கே 11. ஆக எந்த ஊரைப் பார்த்தாலும் அரை மணி கழிக்க வேண்டும். டாக்காவை வைத்தீர்கள் என்றால் அரை மணி கூட்ட வேண்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள், மாற்றி மாற்றி வைத்தால்தான் குழப்பம், அது நடு ராத்திரியில் பையரை எழுப்புவதில் போய் முடியும்.

பயணத்தில்தான் நிஜமான தொல்லை. இந்த வாட்ச்களின் பெரிய பெருமையே அந்தப் பக்கவாட்டு பட்டன்: ஒரு அழுத்தில் மணி முள் ஒரு மணி நேரம் தாவும், கூடவே இரண்டு வளையங்களும் ஒரு படி நகரும், நிமிட முள் ஆடாமல் அசையாமல் இருக்கும். ஜெனீவாவில் ஏறி நியூயார்க்கில் இறங்குகிறவருக்கு அருமையான வசதி. கோயம்புத்தூரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போகிற உங்களுக்கோ நிமிட முள்ளையும் 30 நிமிடம் நகர்த்தியாக வேண்டும், அதாவது பக்கத் திருகை இழுத்து நேரத்தை முதலிலிருந்து வைக்க வேண்டும். திரும்பி வரும்போது மறுபடியும். அங்கிருந்து நியூயார்க் போகிற பயணத்தில் மட்டும்தான் பட்டன் உங்களுக்கு உதவும்.

இதைச் சரியாகத் தீர்த்த வாட்ச்கள் உண்டு. வாஷரோன் 2011-ல் கொண்டுவந்த வேர்ல்ட் டைம் 37 நேர மண்டலங்களைக் காட்டும், அரை மணி, முக்கால் மணி ஊர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஜெர்மனியின் கிளாஷூட்டே ஒரிஜினல் 'செனட்டர் காஸ்மோபொலைட்' கால் மணி வித்தியாசம் வரை ஒத்துக்கொள்ளும், ஊர்ப்பெயருக்குப் பதிலாக விமான நிலையக் குறியெழுத்துகளைச் சின்ன சாளரத்தில் காட்டும். பிளான்பேன் என்ற ஸ்விஸ் கம்பெனியில் அரை மணி அரை மணியாகத் தாவும் மாடல் ஒன்று உண்டு. மூன்றுமே உங்கள் ஆறு லட்சத்துக்கு எட்டாத உயரம். இன்னொரு பக்கம், சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் கேசியோ டிஜிட்டலில் டெல்லியும் காட்மாண்டுவும் சரியான நேரத்தோடு இருக்கின்றன! வெறும் நேரம்தான் வேண்டும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. காசே இல்லாத வழியும் ஒன்று: நம் நேரம் காட்டும் சாதாரண முள் வாட்ச்சைத் தலைகீழாகப் பிடித்தால் லண்டனின் குளிர்கால நேரம் தெரியும், மணி முள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கோடைகால நேர மாற்றம் தனித் தலைவலி. ஜெர்மனியும் அமெரிக்காவும் வசந்தத்தில் ஒரு மணி முன்னே போகும், அதுவும் ஒரே நாளில் போகாது. வாட்ச்சுக்கு அது தெரியாது. அந்த மாதங்களில் பாரிஸுக்குப் பதில் பக்கத்துக் கட்டமான கெய்ரோவைப் பார்க்க வேண்டும். அதோடு நாடுகள் நேரத்தையே மாற்றிக்கொள்வதும் உண்டு. ரஷ்யா 2011-ல் மாஸ்கோவை ஒரு மணி முன்னே தள்ளி நிரந்தரமாக்கியது, 2014-ல் திரும்பிவிட்டது. வெனிசுவேலா 2007-ல் அரை மணிக் கணக்குக்குப் போய் 2016-ல் பழையபடி வந்தது. வளையத்தில் அச்சடித்த பெயர் என்ன செய்யும், பாவம். எதிர்காலத்தில் ஊர் வளையம் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது அநேகமாகக் 'குளுவாசொன்னே' எனாமல் டயலாக இருக்கும். தங்கக் கம்பியைத் தலைமுடி அளவுக்கு மெல்லியதாக இழுத்து, கண்டங்களின் கரை எப்படி வளைகிறதோ அப்படியே கையால் வளைத்து டயலில் நிறுத்துவார்கள். கம்பிகளுக்கு நடுவே கண்ணாடித் தூளையும் உலோக ஆக்சைடு நிறங்களையும் நிரப்பி 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடுவார்கள், திரும்ப நிரப்பித் திரும்பச் சுடுவார்கள். கடைசிச் சூளையில் ஒரு விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்குத்தான். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர், ஸ்விட்சர்லாந்தின் அனிதா போர்ஷே போன்றவர்கள் பெயருக்காகவே வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 2017-ல் நியூயார்க் கண்காட்சிக்காகப் பட்டெக் செய்த 5531 வாட்ச்சில் மன்ஹாட்டன் நகரமே இப்படி எனாமலில் உட்கார்ந்திருந்தது, அதோடு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரின் நேரத்தை மணியடித்தும் சொல்லும். பழைய வேர்ல்ட் டைம்களின் விலையைக் கேட்கவே வேண்டாம், 1939-ல் செய்த பட்டெக் பிளாட்டினம் வாட்ச் ஒன்று 2002 ஏலத்தில் 66 லட்சம் ஸ்விஸ் பிராங்க்குக்குப் போனது.

ஆறு லட்சத்தில் இந்த வேலை கிடைக்காது. அந்த விலையில் 'கைவினை வரைபடம்' என்று யாராவது விற்றால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சடித்ததாக இருந்தால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், கையால் வளைத்த கம்பி என்றால் கோடு உலோகமாகவே மினுங்கும், நிறத்தில் கண்ணாடிக்குரிய ஆழம் இருக்கும். 'எனாமல் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் அது பெயின்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த நகரத்துக்காக மட்டும்' என்று வரும் லிமிடெட் எடிஷன்களில் பல, வழக்கமான மாடலுக்குப் பின்மூடியில் ஒரு கோபுரத்தைச் செதுக்கிக் கொடுப்பவை. அதற்காகக் கூடுதல் பணம் தர நான் தயாராக இல்லை.

உங்கள் தொகையை ஒட்டி நான் பார்க்கச் சொல்வது இரண்டு. நோமோஸ் 'சூரிக் வெல்ட்சைட்', ஜெர்மனியின் கிளாஷூட்டே ஊரில் செய்வது, வரைபடம் கிடையாது, ஒரு பட்டன், ஊர் வளையம், வீட்டு நேரத்துக்குத் தனிச் சாளரம், பார்க்க மிக அழகு. இன்னொன்று ஃபிரெடரிக் கான்ஸ்டன்ட் 'வேர்ல்ட் டைமர்', 2012-லிருந்து வருகிறது, நடுவில் வரைபடம் உண்டு (எனாமல் அல்ல), பட்டனே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே திருகில் வைக்கலாம். உங்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எப்படியும் நம் நாட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் திருகை இழுத்து நிமிட முள்ளை நகர்த்தப் போகிறீர்கள், அப்படியிருக்கப் பட்டனுக்கு ஏன் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும்? வரைபட ஆசையும் ஓரளவு தீரும். வருடத்தில் பாதி நாள் வெளிநாட்டிலேயே ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்றால் நோமோஸ்.

ஃபிராங்ஃபர்ட்டிலேயே வாங்கிவிடலாம் என்று நினைத்தால், அங்கே திரும்பக் கிடைக்கும் வாட் வரியை மட்டும் பார்க்காதீர்கள், வந்து இறங்கும்போது இங்கே கட்ட வேண்டிய சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அறிவிக்காமல் கையில் கட்டிக்கொண்டு வெளியே வரும் யோசனை வேண்டவே வேண்டாம். இங்கே வாங்கினாலும் பில்லைப் பத்திரமாக வைத்து, அடுத்த பயணத்தில் கிளம்பும்போது விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி 'எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்' வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது புதிதாக வாங்கியது இல்லை என்பதற்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்.